பிஎச்பியில் நாளும் நேரமும்: முதன்முறை கை வைப்பவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, வெப் பக்கங்கள் எழுதும் மொழியான பிஎச்பியில், முன்பதிவுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மண்டப வாசலில் ஒரு டிவி இருக்கும். அன்றைக்கு யார் வீட்டுக் கல்யாணம் என்பதை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்து அதில் காட்ட வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் விடிகாலை நாலே முக்காலுக்கு மேனேஜரிடமிருந்து போன்.

"தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க வந்து இறங்கிட்டாங்க. டிவியில நேத்து ஜோடி பேரு நிக்குது. மாப்பிள்ளையோட சித்தப்பா சத்தம் போடுறாரு."

"இருங்கண்ணே, பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து, முகம் கழுவி, லேப்டாப்பைத் திறந்து, ஹோஸ்டிங் பாஸ்வேர்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது மணி ஐந்தே முக்கால். பக்கத்தில் அன்றைய ஜோடியின் பெயர் சரியாக இருந்தது. அண்ணனும், "இப்ப சரியாயிடுச்சு தம்பி" என்று நன்றி வேறு சொன்னார். நான் ஒன்றுமே செய்யவில்லை. எதுவும் செய்யாமல் தானாகச் சரியாகிற பிழையைப் போல வயிற்றைக் கலக்குவது வேறு கிடையாது.

காரணம் சின்னது. பக்கம் ஓடும் கம்ப்யூட்டரான சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடிக்கொண்டிருந்தது. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நமக்கு நள்ளிரவு தாண்டி புதுத் தேதி பிறந்தாலும் காலை 5.30 வரை சர்வருக்கு அது நேற்றுதான். நான் கோடைச் சோதித்ததெல்லாம் பகலில். முதல் மாதத்தில் வந்த முகூர்த்தங்கள் எல்லாம் ஒன்பது மணிக்கு மேல். நாலரைக்கும் ஆறுக்கும் இடையிலான முகூர்த்தம் வந்த முதல் நாளே சாயம் வெளுத்தது.

அன்றிலிருந்து பிஎச்பியில் தேதி எழுத உட்காருகிற யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. ஃபங்ஷன் என்பது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் கோடு. கிளாஸ் ஓர் அச்சு, அதில் வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட், அதற்குள் இருக்கும் ஃபங்ஷன்தான் மெத்தட். இவற்றின் பெயர்களை உச்சரிப்பு மாறாமல் தமிழில் தருகிறேன். கோடில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பிஎச்பி 8 இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

கணம் வேறு, தேதி வேறு

ஒரு வரி எழுதும் முன்பே இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "பணம் வந்து சேர்ந்தது" என்பது ஒரு கணம். உலகம் முழுக்க அது ஒரே நொடியில் நடக்கிறது. "15ஆம் தேதி" என்பது காலண்டரில் ஒரு தாள். ஊருக்கு ஊர் அது வெவ்வேறு நேரத்தில் கிழிபடுகிறது.

கணத்தை பிஎச்பி ஒரு எண்ணாக வைத்திருக்கிறது: யுடிசியில் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகள். 'டைம்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இந்த எண் வரும். 1700000000 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அது 2023 நவம்பர் 14, செவ்வாய், இரவு 10 மணி 13 நிமிடம் 20 நொடி. சென்னையில் அதே எண் நவம்பர் 15, புதன், அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 நொடி. எண் ஒன்றுதான், தேதியும் கிழமையும் இரண்டு. அந்த எண்ணைத் தேதியாக மாற்ற வேண்டுமானால் "எந்த ஊரில்?" என்று கேட்டே ஆக வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் பிஎச்பி தானாக ஓர் ஊரை எடுத்துக்கொள்ளும். என் மண்டபத்தில் நடந்தது அதுதான்.

ஒரு பக்கக் குறிப்பு. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் இதே கணக்கை மில்லிநொடிகளில் வைத்திருக்கிறது. அங்கிருந்து வந்த எண்ணை அப்படியே பிஎச்பியிடம் கொடுத்தால் ஐம்பதாயிரம் வருடங்களுக்கு அப்பால் ஒரு தேதி வரும். ஆயிரத்தால் வகுத்தால் போதும்.

படி 1: ஊரைச் சொல்லுங்கள்

பிஎச்பிக்கு டைம்ஸோனை, அதாவது எந்த ஊர் நேரம் என்பதை, மூன்று இடங்களில் சொல்லலாம். பிஎச்பியின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஐஎன்ஐ ஃபைலில் 'டேட் டாட் டைம்ஸோன்' என்ற வரி ஒன்று. 'டேட் டிஃபால்ட் டைம்ஸோன் செட்' என்ற ஃபங்ஷனை உங்கள் புரொகிராமின் தலையில் ஒருமுறை கூப்பிடுவது இன்னொன்று. மூன்றாவது, ஒவ்வொரு தேதி ஆப்ஜெக்டை உருவாக்கும்போதும் டைம்ஸோனை வெளிப்படையாகக் கொடுப்பது. எங்கேயும் சொல்லாவிட்டால் யுடிசி.

ஐஎன்ஐ ஃபைலை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். பல லினக்ஸ் சர்வர்களில் வெப் பக்கத்துக்கு ஒரு ஐஎன்ஐ, கமாண்ட் லைனுக்கு இன்னொரு ஐஎன்ஐ. பக்கத்தில் சரியான நேரம் காட்டும். குறித்த நேரத்தில் புரொகிராமைத் தானாக ஓட்டும் கிரானில், ராத்திரி ஓடும் ஸ்கிரிப்ட் மட்டும் ஐந்தரை மணி தள்ளி நிற்கும். பாதி நாள் மண்டை காய்ந்த பிறகுதான் அது பிடிபடும்.

கொடுக்க வேண்டிய பெயர் 'ஏசியா/கொல்கத்தா'. பட்டியலில் சென்னை இருக்காது, தேட வேண்டாம். இலங்கைக்கு 'ஏசியா/கொழும்பு', சிங்கப்பூருக்கு 'ஏசியா/சிங்கப்பூர்'. ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்று நாட்டு நேரத்துக்கும் அதுதான் சுருக்கம். பிஎச்பி எதை எடுத்துக்கொள்ளும் என்று பந்தயம் கட்ட வேண்டாம்.

'ப்ளஸ் 5.30' என்றே எழுதினால் என்ன, இந்தியாவில் நேரம் மாறுவதே இல்லையே என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. 'ஏசியா/கொல்கத்தா' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. 1905ஆம் வருடத்துத் தேதி ஒன்றைக் கொடுத்து, யுடிசியிலிருந்து எத்தனை நொடி வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். 19800 வராது, 19270 வரும். அதாவது 5 மணி 21 நிமிடம் 10 நொடி. அது ரயில்கள் ஓடிய பழைய மதராஸ் நேரம். இந்திய நேரம் ஐந்தரை மணிக்கு வந்தது 1906 ஜனவரி 1 முதல்தான்.

அது கிடக்கட்டும், பழைய கதை என்றால், நடைமுறையில் கடிப்பது இன்னொன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஆறரையில் ஓடியது. தாத்தாவின் பிறந்தநாள் 1943 ஜூன் 10. அதை நீங்கள் நள்ளிரவுக் கணமாக மாற்றி எண்ணாகச் சேமிக்கிறீர்கள். பிஎச்பி அந்தக் காலத்து ஆறரையைச் சரியாகக் கழிக்கும். திரும்ப எடுக்கும் இன்னொரு புரொகிராம் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரையைக் கூட்டும். திரையில் ஜூன் 9, இரவு 11 மணி. தாத்தா ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிடுவார். பிறந்தநாள் கணம் அல்ல, தேதி. அதை நொடிக் கணக்காக மாற்றவே கூடாது.

படி 2: மாறாத கிளாஸை எடுங்கள்

இணையத்தில் பழைய பாடங்களைப் பார்த்தால் 'டேட்', 'ஸ்ட்ரிங் டு டைம்' ஃபங்ஷன்களோடு நின்றுவிடும். சில இடங்களில் 'டேட்டைம்' கிளாஸ் வரும். நீங்கள் நேராக 'டேட்டைம் இம்யூட்டபிள்' கிளாஸுக்குப் போங்கள். பிஎச்பி 5.5 முதல் இருக்கிறது.

ஏன் என்பதற்கு மண்டபமே உதாரணம். தொடக்கத் தேதி ஒரு வேரியபிளில். "முடிவு சமம் தொடக்கம்" என்று எழுதி, முடிவில் 'மாடிஃபை' மெத்தடால் ஒரு நாள் கூட்டுகிறீர்கள். பழைய டேட்டைம் கிளாஸில் இரண்டு வேரியபிளும் பிடித்திருப்பது ஒரே ஆப்ஜெக்டை. முடிவு நகர்ந்ததும் தொடக்கமும் கூடவே நகர்ந்துவிடும். இம்யூட்டபிளில் அந்த வம்பு இல்லை: மாடிஃபை பழையதைத் தொடாமல் புதிதாக ஒன்றைத் திருப்பித் தரும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. திருப்பித் தருவதை நீங்கள் வாங்கி வைக்க வேண்டும். சமக்குறி போடாமல் மாடிஃபையை மட்டும் கூப்பிட்டுவிட்டு "கூட்டினேனே, ஏன் மாறவில்லை" என்று திரையை முறைத்துக்கொண்டிருக்காதவர் யாரும் இல்லை.

ஆப்ஜெக்டை உருவாக்கும்போது 'நவ்' என்றால் இந்தக் கணம், 'டுடே' என்றால் இன்றைய நள்ளிரவு 00:00, 'டுமாரோ' என்றால் நாளைய நள்ளிரவு. நொடி எண் கையில் இருந்தால் அதன் முன் அட் குறி போட்டுக் கொடுக்கலாம். ஆனால் அட் குறி போட்டால் கூடவே நீங்கள் கொடுக்கும் டைம்ஸோனை பிஎச்பி கண்டுகொள்ளாது. ஆப்ஜெக்ட் யுடிசியில்தான் பிறக்கும். பிறகு 'செட் டைம்ஸோன்' மெத்தடால் நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும்.

படி 3: எழுத்துகள்

திரையில் காட்ட 'ஃபார்மேட்' மெத்தட். அதற்கு எழுத்துகளைக் கொடுக்க வேண்டும். சின்ன டி நாள், சின்ன எம் மாதம், பெரிய ஒய் நான்கு இலக்க வருடம். பெரிய எச் 24 மணிக் கணக்கு, சின்ன எச் 12 மணிக் கணக்கு, சின்ன ஐ நிமிடம், சின்ன எஸ் நொடி. நம் ஊர் வழக்கப்படி சின்ன டி, சின்ன எம், பெரிய ஒய் மூன்றையும் நடுவில் கோடு போட்டு எழுதினால் 15-11-2023 வரும்.

நிமிடத்துக்கு ஐ என்பதை இப்போதே மனதில் ஆணி அடித்து வையுங்கள். எம் என்று போட்டால் மாதம்தான் வரும். ஒரு ரசீதுப் பக்கத்தில் நேரத்துக்கு எச், எம், எஸ் என்று எழுதியிருந்தேன். ஜூன் மாதம் முழுக்க எல்லா ரசீதிலும் 10:06, 11:06, 18:06. நொடி மட்டும் மாறிக்கொண்டே இருந்ததால் பார்ப்பவர் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஜூலையில் எல்லாம் 07 ஆனது. கணக்குப்பிள்ளைதான் கண்டுபிடித்தார்.

வருடத்துக்கு பெரிய ஒய்க்குப் பதிலாக சின்ன ஓ என்று சில இடங்களில் பார்ப்பீர்கள். அது வார எண்ணோடு சேர்ந்து போகிற வருடம். 2024 டிசம்பர் 30 திங்கள்கிழமைக்கு அது 2025 என்று காட்டும். வருடத்தின் 360 நாளும் சரியாக இருந்துவிட்டு, புத்தாண்டுக்கு முன்தினம் கழுத்தை அறுக்கும். வார எண் தேவைப்படாத வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படி 4: ஆட்கள் தட்டும் தேதியை வாங்குவது

இங்கேதான் அதிகம் அடி விழுகிறது. 05/06/2025 என்று ஒருவர் தட்டுகிறார். நமக்கு அது ஜூன் 5. பிஎச்பி சாய்கோட்டைப் பார்த்ததும் அமெரிக்கக் கணக்குக்குப் போய் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். அதையே 05-06-2025 என்று படுக்கைக்கோடு போட்டுக் கொடுத்தால் ஜூன் 5. ஒரு கோடு சாய்ந்ததற்கு ஒரு மாதம் போகிறது. 13/06/2025 என்றால் பதிமூன்றாவது மாதம் இல்லையே என்று பிழை வரும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். மாத முதல் 12 தேதிகளில்தான் சத்தமில்லாமல் தவறு போகும்.

'ஸ்ட்ரிங் டு டைம்' தோற்றால் ஃபால்ஸ் தரும். அதைச் சரிபார்க்காமல் அப்படியே தேதியாக அச்சிட்டால் பூஜ்யமாகி, 01-01-1970 என்று வந்து நிற்கும். எந்தத் தளத்திலாவது அந்தத் தேதியைப் பார்த்தால் இனி உங்களுக்குச் சிரிப்பு வரும்.

ஆகவே ஊகிக்க விடாதீர்கள். 'கிரியேட் ஃப்ரம் ஃபார்மேட்' மெத்தடில், வரப்போகும் வடிவம் இதுதான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வடிவத்தின் முதல் எழுத்தாக ஓர் ஆச்சரியக்குறி போடுங்கள். போடாவிட்டால், நீங்கள் கொடுக்காத மணி, நிமிடம், நொடியை இந்தக் கணத்திலிருந்து எடுத்து நிரப்பிவிடும். தேதியை மட்டும் வாங்கினோம் என்று நினைத்திருப்போம். உள்ளே மாலை 6.42 ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு இரண்டு தேதி சமமா என்று ஒப்பிட்டால் எப்போதும் இல்லை என்றே வரும்.

இன்னும் ஒன்று. ஜூன் 31 என்று கொடுத்தால் பிஎச்பி கோபப்படாது. பெருந்தன்மையாக ஜூலை 1 ஆக்கிக்கொள்ளும். இதைப் பிடிக்க எனக்குப் பிடித்த வழி: வாங்கிய தேதியைத் திரும்ப அதே வடிவத்தில், ஆச்சரியக்குறி மட்டும் இல்லாமல், ஃபார்மேட் செய்து, அவர் தட்டிய எழுத்துகளோடு (ஸ்ட்ரிங்) ஒப்பிடுவது. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அப்படி ஒரு தேதியே கிடையாது. ஃபார்மில் டேட் வகை இன்புட்டை வைத்துவிட்டால் திரையில் எப்படிக் காட்டினாலும் சர்வருக்கு வருடம்-மாதம்-நாள் என்ற ஒரே வடிவத்தில், வருடம் நான்கிலக்கமாகவும் மாதமும் நாளும் இரண்டிலக்கமாகவும்தான் வந்து சேரும். பாதித் தலைவலி அதிலேயே போய்விடும்.

படி 5: கூட்டல், கழித்தல்

நாளைக் கூட்ட 86400 நொடிகளைக் கூட்டாதீர்கள். நம் ஊரில் ஓடிவிடும். நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினார்கள். அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். முந்தின நாள் காலை பத்து மணியோடு 86400 நொடி கூட்டினால் பதினொன்றில் போய் நிற்கும். மாடிஃபையில் 'ப்ளஸ் 1 டே' என்றால் பத்தில் நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ஞாபகப்படுத்தும் மெசேஜ் அனுப்ப வேண்டிய நாள் உங்கள் பக்கத்துக்கும் வரும்.

மாதம் கூட்டுவது அதைவிடச் சிக்கல். தவணைப் பணம் ஜனவரி 31. 'ப்ளஸ் 1 மன்த்' போட்டால் பிப்ரவரி 31. அப்படி ஒன்று இல்லாததால் வழிந்து, 2025இல் மார்ச் 3 ஆகும். பிப்ரவரித் தவணையே காணாமல் போகும். இதைப் பிழை என்று திட்டுபவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன்: "ஒரு மாதம் கழித்து" என்றால் என்ன என்று நமக்கே தெரியாதபோது கம்ப்யூட்டரைக் கேட்டு என்ன பயன்? மாதக் கடைசி வேண்டுமென்றால் 'லாஸ்ட் டே ஆஃப் நெக்ஸ்ட் மன்த்' என்றே மாடிஃபைக்குக் கொடுக்கலாம், பிப்ரவரி 28 வரும். 30ஆம் தேதித் தவணை என்றால் 'ஃபர்ஸ்ட் டே ஆஃப் நெக்ஸ்ட் மன்த்' போய், அந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று சின்ன டீயால் ('டைம்' என்பதன் முதல் எழுத்து, நாளுக்கான டி அல்ல) கேட்டு, 30, அந்த எண் இரண்டில் எது சிறிதோ அதை எடுங்கள்.

படி 6: எத்தனை நாள் இருக்கிறது?

முப்பது நாளுக்கு முன் ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பது மண்டபத்து விதி. 'டிஃப்' மெத்தட் இரண்டு தேதிக்கும் உள்ள இடைவெளியைத் தரும். 2025 மே 10க்கும் ஜூன் 25க்கும் இடையில் ஒரு மாதம் 15 நாள். அதில் 'டி' என்ற பண்பைக் கேட்டால் 15 வரும், மாதம் போக மிச்சம். 'டேஸ்' என்ற பண்பைக் கேட்டால் 46, மொத்த நாள். டியை வைத்து விதி எழுதினால் 46 நாள் முன்னதாக வந்தவரையும் "முப்பது நாள் ஆகவில்லை" என்று திருப்பி அனுப்புவீர்கள். வயது கணக்கிட அதே டிஃபின் 'ஒய்' போதும்.

ஒப்பிடும்போது இரு பக்கமும் நள்ளிரவாக இருக்கட்டும். ஒரு பக்கம் 'நவ்' போட்டு, அப்போது மாலை ஆறு மணி என்றால், நாளைய நள்ளிரவுக்கு ஆறு மணி நேரம்தான் பாக்கி. டேஸ் பூஜ்யம் என்று சொல்லும். 'டுடே' போட்டால் ஒன்று.

தமிழில் காட்டுவது

ஃபார்மேட் மெத்தட் மாதத்தையும் கிழமையையும் ஆங்கிலத்தில் மட்டுமே தரும். சர்வரில் பல மொழி வழக்கங்களைத் தெரிந்த இன்டில் என்ற எக்ஸ்டென்ஷன் இருந்தால் 'இன்டில் டேட் ஃபார்மேட்டர்' கிளாஸுக்குத் தமிழ் லோகேல் (மொழி, ஊர் வழக்கக் குறியீடு) கொடுத்து வாங்கலாம். இல்லாவிட்டால் குறைச்சல் இல்லை: ஞாயிறு முதல் சனி வரை ஏழு பெயரை ஓர் அரேயில் போட்டு, சின்ன டபிள்யூ தரும் எண்ணை அதன் இடமாக வைத்தால் முடிந்தது. ஞாயிறுக்கு 0, சனிக்கு 6. பெரிய 'என்' எழுத்து வேறு கணக்கு. அதில் திங்கள் 1, ஞாயிறு 7. சித்திரை, வைகாசி எல்லாம் இந்த மெத்தடுக்குத் தெரியாது. அதற்குப் பஞ்சாங்கக் கணக்கு வேண்டும்.

காலை, மதியம், மாலை, இரவு என்று காட்ட, பெரிய ஜி தரும் 0 முதல் 23 வரையான மணியை வைத்து நாலு இஃப் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது நள்ளிரவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நம் ஆட்களுக்கு நாள் விடியலில்தான் தொடங்குகிறது. "வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு டெகரேஷன்காரங்க வருவாங்க" என்றால் காலண்டரில் அது சனி. படிவத்தில் அவர் வெள்ளியைத்தான் தொடுவார். நான் இப்போது 12க்கும் 4க்கும் இடைப்பட்ட நேரம் வந்தால் "வெள்ளி இரவு கழிந்து, சனி அதிகாலை 2.00, சரிதானா?" என்று ஒரு வரி காட்டிக் கேட்கிறேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு சண்டையும் இல்லை.

டேட்டாபேஸில் வைப்பது

மைஎஸ்க்யூஎல் என்று வைத்துக்கொள்வோம். பணம் வந்தது, லாகின் செய்தது போன்ற நடந்து முடிந்த கணங்களை யுடிசியில் வையுங்கள். காட்டும்போது மட்டும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். 'டைம்ஸ்டாம்ப்' வகை 2038 ஜனவரி 19 வரைதான் தாங்கும், நம் நேரத்தில் அன்று காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. 'டேட்டைம்' வகைக்கு அந்தக் கெடு இல்லை, ஆனால் அதற்கு டைம்ஸோனும் தெரியாது. கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பிறந்தநாளுக்கும் கல்யாணத் தேதிக்கும் 'டேட்' வகை.

வரப்போகும் நிகழ்ச்சி மட்டும் விதிவிலக்கு. அடுத்த வருடம் ஓர் ஊரில் காலை 7 மணிக்குக் கூட்டம் என்றால், உள்ளூர் நேரத்தையும் டைம்ஸோன் பெயரையும் சேர்த்தே வையுங்கள். இடையில் அரசாங்கம் நேரத்தை மாற்றிவிட்டால்? இலங்கை 1996 மே மாதம் ஆறரைக்கும், அதே வருடம் அக்டோபரில் ஆறுக்கும் போய், 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. கடிகாரம் நகர்ந்தாலும் அங்கே கல்யாணம் ஏழு மணிக்குத்தான் நடக்கும்.

அதிகாலையைச் சோதிப்பது

அதிகாலைப் பிழையைப் பிடிக்க அலாரம் வைத்து எழ வேண்டாம். உங்கள் ஃபங்ஷன்களுக்குள் 'நவ்' என்றோ 'டுடே' என்றோ எழுதாமல், இப்போதைய நேரத்தை வெளியிலிருந்து ஒரு ஆர்குமென்டாக அனுப்புங்கள். அப்போது பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்துகொண்டே விடிகாலை 4.45ஐ அனுப்பிப் பார்க்கலாம். நான் வழக்கமாக அனுப்பிப் பார்ப்பவை: இரவு 11.59, அதிகாலை 4.45, காலை 5.29, 5.31. அதோடு ஜனவரி 31, பிப்ரவரி 29, டிசம்பர் 30. மண்டபத்து டிவிக்காக எழுதிய அந்தப் பக்கத்தை இந்த ஏழிலும் ஓட்டிய அன்று, டைம்ஸோன் தவிர இன்னும் இரண்டு ஓட்டை அகப்பட்டது. மேனேஜர் அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.